உறைகுளிரும் கியர் பெட்டியும்: பழைய பண்ணை டிராக்டர்களின் குளிர்கால இயக்கம் குறித்த ஓர் ஆய்வு

வட அமெரிக்காவின் நடுச் சமவெளிகளில், குறிப்பாக அமெரிக்காவின் மினசோட்டா, வடக்கு டகோட்டா மாநிலங்களிலும் கனடாவின் மானிடோபா, சஸ்காச்சுவான் மாகாணங்களிலும், அறுவடை முடிந்து நிலம் உறைந்த பிறகும் டிராக்டருக்கு ஓய்வு கிடைப்பதில்லை. மாடுகளுக்குத் தீவனம் கொண்டு சேர்ப்பது, பண்ணை வழியில் குவிந்த பனியை ஒதுக்குவது, விறகு இழுப்பது, தொழுவத்துச் சாணத்தை அப்புறப்படுத்துவது ஆகிய வேலைகள் மைனஸ் 20 டிகிரி செல்சியஸிலும், சில நாட்களில் மைனஸ் 30 டிகிரிக்குக் கீழும் நடந்தாக வேண்டும். இந்த வேலைகளில் கணிசமான பங்கை, 1970-க்கு முன்பு தயாரிக்கப்பட்டு, அரை நூற்றாண்டைக் கடந்தும் ஓடிக்கொண்டிருக்கும் டிராக்டர்களே செய்கின்றன. விலை குறைவு, பழுதுபார்ப்பதில் எளிமை, மின்னணுக் கருவிகள் இல்லாமை ஆகியவை அவற்றை நிலைத்திருக்கச் செய்த காரணங்கள்.

இவற்றின் குளிர்கால இயக்கம் பற்றிய எழுத்துகளும் பேச்சுகளும் பெரும்பாலும் எஞ்சினோடு நின்றுவிடுகின்றன. பேட்டரி வலுவிழப்பது, டீசலில் மெழுகு திரள்வது, கார்புரேட்டரில் பனி படிவது ஆகியவை உடனே கண்ணுக்குத் தெரியும் இடையூறுகள் என்பதால் கவனம் அங்கே செல்வது இயல்பே. எனினும் எஞ்சின் ஓடத் தொடங்கிய சில நிமிடங்களில் தன் எரிப்பாலேயே தன்னைச் சூடாக்கிக்கொள்கிறது. அதற்குப் பின்னாலுள்ள கியர் பெட்டி, இரு பின் சக்கரங்களுக்கும் விசையைப் பகிர்ந்தளிக்கும் டிஃபரென்ஷியல், அச்சின் முனைகளிலுள்ள இறுதிப் பற்சக்கரங்கள் ஆகியவற்றுக்கு அப்படிப்பட்ட வெப்ப மூலம் எதுவும் கிடையாது. அவை தம் சொந்த உழைப்பில் எழும் உராய்வால் மட்டுமே, மிக மெதுவாகச் சூடேறுகின்றன. ஆகவே பழைய டிராக்டரைக் குளிரில் இயக்குவது என்பது, எஞ்சினைக் கிளப்புவதைக் காட்டிலும், கியர் எண்ணெயை உரிய இடத்துக்கு உரிய நேரத்தில் ஓடச் செய்வதையே பெரிதும் சார்ந்தது என்பதும், அந்த எண்ணெய் ஓடாதபோது நேரும் கேடு விசைகடத்தும் அமைப்பின் தலைமுறைக்கேற்ப வேறு வேறு வடிவம் எடுக்கிறது என்பதும் இக்கட்டுரையின் நிலைப்பாடு.

எண்ணெயின் இயல்பு

ஒரு திரவம் ஓட்டத்துக்குக் காட்டும் எதிர்ப்பே பாகுத்தன்மை எனப்படுகிறது. தேங்காய் எண்ணெய் மார்கழிக் குளிரில் ஓரிரவில் உறைந்து வெளுப்பதைப் போல, டிராக்டர்களில் ஊற்றப்படும் கனிம எண்ணெய் ஒரு குறிப்பிட்ட வெப்பநிலையில் சட்டென்று உறைவதில்லை. வெப்பம் குறையக் குறைய அதன் பாகுத்தன்மை மேலும் மேலும் விரைவாகப் பெருகி, இறுதியில் அதனுள் திரளும் மெழுகுப் படிகங்களால் ஓட்டமே நின்றுபோகிறது. இந்தப் படிப்படியான மாற்றம்தான் சிக்கலை மறைத்துவிடுகிறது. அளவுகோலை நுழைத்துப் பார்ப்பவருக்குப் பெட்டி நிறைய எண்ணெய் இருப்பதாகவே தோன்றும். அந்த எண்ணெய் அசைகிறதா என்பதை அளவுகோல் சொல்வதில்லை.

கியர் எண்ணெய்களின் பாகுத்தன்மையை வகைப்படுத்த வாகனப் பொறியாளர் சங்கமான எஸ்.ஏ.இ. வகுத்த எண்களே உலகெங்கும் வழங்குகின்றன. கியர் எண்ணெயின் எண்வரிசை எஞ்சின் எண்ணெயின் எண்வரிசையிலிருந்து வேறானது. 90 எண் கியர் எண்ணெய், ஏறத்தாழ 40 அல்லது 50 எண் எஞ்சின் எண்ணெயின் கெட்டியையே கொண்டது. எண்ணுக்குப் பின் வரும் டபிள்யூ என்ற எழுத்து குளிர்காலத் தகுதியைக் குறிக்கிறது. ஓர் எண்ணெயின் பாகுத்தன்மை 1,50,000 சென்டிபாய்ஸ் என்ற வரம்பை எந்த வெப்பநிலையில் எட்டுகிறது என்பதே அத்தகுதியின் அளவை. அறை வெப்பநிலையில் தண்ணீரின் பாகுத்தன்மை ஏறத்தாழ 1 சென்டிபாய்ஸ் என்பதை நோக்க, இந்த எண்ணின் பெருமை விளங்கும். 85 டபிள்யூ எண்ணெய் மைனஸ் 12 டிகிரி வரையிலும், 80 டபிள்யூ மைனஸ் 26 வரையிலும், 75 டபிள்யூ மைனஸ் 40 வரையிலும் அந்த வரம்பைத் தாண்டாமல் இருக்க வேண்டும். வரம்பு தற்செயலாக வைக்கப்பட்டதன்று. ஒரு குறிப்பிட்ட வகைப் பின் அச்சில் நடத்தப்பட்ட சோதனைகளில், அதற்கு மேல் கெட்டியான எண்ணெய் இருந்தபோது, டிஃபரென்ஷியலை இயக்கும் சிறு பற்சக்கரத்தின் பேரிங்குகள் எண்ணெய் கிட்டாமல் கெடக்கூடும் எனத் தெரியவந்ததே அதற்கு அடிப்படை. டபிள்யூ இல்லாமல் வெறும் 90 அல்லது 140 என்று மட்டும் குறிக்கப்பட்ட எண்ணெய்க்குக் குளிர்நிலைத் தேர்வு எதுவுமே இல்லை என்பதும், பழைய டிராக்டர்களில் கோடைக்கென ஊற்றப்பட்டவை பெரும்பாலும் அத்தகைய எண்ணெய்களே என்பதும் சேர்த்து எண்ணத்தக்கவை.

கெட்டியான எண்ணெய் பற்சக்கரத்துக்கு எவ்வாறு கேடு செய்கிறது என்பதற்கு உரிய விளக்கம் எண்ணெய் வாரி இறைக்கப்படும் முறையில் உள்ளது. பழைய கியர் பெட்டிகளில் எண்ணெயை அழுத்தத்தில் செலுத்தும் ஏற்பாடு பெரும்பாலும் கிடையாது. அடியிலுள்ள சக்கரங்கள் எண்ணெயில் மூழ்கிச் சுழன்று, அதை மேலே அள்ளி இறைக்க, அந்தத் தெறிப்பே மேல் தண்டுகளையும் பேரிங்குகளையும் நனைக்கிறது. எண்ணெய் இறுகியிருக்கும்போது சக்கரம் அதில் தன் அகலத்துக்கு ஒரு வாய்க்காலை வெட்டிக்கொள்கிறது. வெட்டப்பட்ட எண்ணெய் திரும்பி வந்து அந்த இடத்தை நிரப்புவதில்லை. பெட்டி முக்கால் நிறைந்திருந்தாலும் சக்கரம் வறட்சியில் சுழலும் இந்த நிலை வாய்க்கால் விழுதல் எனலாம். அதே வேளையில் எண்ணெயைப் பிசைவதிலேயே விசையின் ஒரு பகுதி வீணாவதால், ஓட்டுநருக்குத் தெரிவது வண்டி கனக்கிறது என்பது மட்டுமே. மேலே பேரிங்குகள் உலர்ந்து தேய்வது தெரிவதில்லை.

தொடக்கத்தின் சுமை

எஞ்சினைக் கிளப்புவதிலும் கியர் எண்ணெய்க்குப் பங்கு உண்டு. கிளட்சை மிதிக்காமல் ஸ்டார்ட்டரைச் சுழற்றினால், கியர் லீவர் நியூட்ரலில் இருந்தாலும், பெட்டியின் முன் தண்டும் அதோடு என்றும் பிணைந்திருக்கும் சக்கரங்களும் இறுகிய எண்ணெயில் சுழன்றாக வேண்டும். பேட்டரியின் திறன் மைனஸ் 18 டிகிரியில் பாதிக்கும் கீழாகக் குறையும் நேரத்தில் இந்தக் கூடுதல் சுமை முடிவைத் தீர்மானிக்கக்கூடியது. அக்கால டிராக்டர்கள் பலவற்றில் 6 வோல்ட் மின்னமைப்பே இருந்தது. ஒரே அளவு திறனைத் தர 12 வோல்ட்டைப் போல் இருமடங்கு மின்னோட்டம் தேவைப்படுவதால், கம்பிகளிலும் அரித்த இணைப்புகளிலும் ஏற்படும் இழப்பு அவற்றில் மிகுதி. கிளட்சை மிதித்துக் கிளப்புவது என்ற எளிய பழக்கம் இதனாலேயே குளிர்நாட்டுக் கையேடுகளில் விதியாக இடம்பெற்றது.

எஞ்சினை முன்கூட்டியே சூடாக்கும் ஏற்பாடுகள் தனியாக வளர்ந்தன. வடக்கு டகோட்டாவின் கிராண்ட் ஃபோர்க்ஸ் நகரைச் சேர்ந்த ஆண்ட்ரூ ஃப்ரீமன், எஞ்சின் தலைப்பகுதி போல்ட் ஒன்றின் இடத்தில் பொருத்தத்தக்க மின் சூடேற்றிக்கு 1949-இல் காப்புரிமை பெற்றார். இன்று வட நாடுகளில் பரவலாக உள்ள பிளாக் ஹீட்டர்களின் முன்னோடிகளுள் அது ஒன்று. ஜான் டியர் நிறுவனம் 1949-இல் வெளியிட்ட ஆர் மாதிரி டீசல் டிராக்டரில் இரு சிலிண்டர் பெட்ரோல் துணை எஞ்சின் ஒன்று இருந்தது. அது பெரிய எஞ்சினைச் சுழற்றியதோடு, குளிர்விப்பு நீரைப் பகிர்ந்துகொண்டு அதைச் சூடாக்கவும் செய்தது. சோவியத் டிராக்டர்கள் பலவற்றில் பி.டி.-10 என்ற ஒற்றைச் சிலிண்டர் துணை எஞ்சின் இதே வேலைக்குப் பயன்பட்டது. இவை அனைத்தும் எஞ்சினுக்கு மட்டுமே உதவுபவை. சூடேறிய எஞ்சின் உடனே முழு விசையையும் தரத் தயாராகிவிடுவதால், இன்னும் உறைநிலையிலுள்ள கியர் பெட்டியின் மீது அந்த விசை பாயும் ஆபத்தை அவை ஒருவகையில் கூட்டிவிடுகின்றன எனலாம்.

முதல் தலைமுறை: நழுவு கியர்கள்

ஒரு தண்டின் மீது பற்சக்கரங்களை நகர்த்தி மற்றொரு தண்டின் சக்கரங்களோடு பிணைக்கும் நழுவு கியர் அமைப்பே பழைய டிராக்டர்களில் மிகுதி. 1917-இல் உற்பத்தி தொடங்கிய ஃபோர்ட்சன் இவ்வகையின் வரலாற்றில் முக்கியமானது. தனிச் சட்டகம் இல்லாமல், எஞ்சின், கியர் பெட்டி, பின் அச்சு ஆகியவற்றின் வார்ப்பிரும்பு உறைகளையே ஒன்றோடொன்று பொருத்தி வண்டியின் முதுகெலும்பாக்கிய முறை அதனால் பரவியது. அதன் கிளட்ச் பல தட்டுகளைக் கொண்டு எண்ணெயிலேயே இயங்கியது. குளிரில் அந்த எண்ணெய் தட்டுகளை ஒட்டிப் பிடித்துக்கொள்ள, கிளட்சை விடுவித்தாலும் எஞ்சினும் கியர் பெட்டியும் பிரியவில்லை. கைப்பிடியால் எஞ்சினைச் சுழற்றுபவர் கியர் பெட்டியையும் சேர்த்தே சுழற்ற வேண்டியிருந்தது. பின் சக்கரம் ஒன்றை ஜாக்கி வைத்துத் தூக்கி, கியரில் போட்டு, சக்கரம் தடையின்றிச் சுழலும்படி விட்டுக் கிளப்பும் உத்தியைப் பண்ணையாளர்கள் கைக்கொண்டனர். சக்கரத்தின் சுழல்வேகம் எஞ்சினுக்கு உதவியதோடு, கியர் எண்ணெயும் அதன்மூலம் சற்றே இளகியது. தாங்கு கட்டை நழுவினால் வண்டி ஆளின் மீது பாயும் என்பதால் இது உயிர் ஆபத்து நிறைந்த உத்தி.

உலர் கிளட்ச் கொண்ட வண்டிகளில் நிலைமை வேறு. ஜான் டியரின் இரு சிலிண்டர் டிராக்டர்களில் கிளட்ச் எஞ்சினின் பக்கவாட்டில், பெல்ட் சக்கரத்துக்குள், கைநெம்பால் இயங்கும்படி அமைந்திருந்தது. அதை விடுவித்துவிட்டால் ஃபிளைவீலைக் கையால் திருப்பிக் கிளப்புபவர் கியர் எண்ணெயின் சுமையைச் சுமக்க வேண்டியதில்லை. இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் 1939-இல் வெளியிட்ட ஃபார்மால் ஹெச், எம் மாதிரிகளின் காலால் மிதிக்கும் உலர் கிளட்சும் இவ்வகையில் பயன்தந்தது. கியர் மாற்றுவதில் இவ்விரு வகைகளும் நேரெதிராக நடந்துகொள்வது கருதத்தக்கது: எண்ணெயில் மூழ்கிய கிளட்சில் முன் தண்டு நிற்காமல் சுழன்றுகொண்டே இருப்பதால் பற்கள் உரசிக் கரகரக்கும், உலர் கிளட்சில் இறுகிய எண்ணெய் தண்டை உடனே நிறுத்திவிடுவதால், நிற்கும்போது கியர் போடுவது எளிதாகவும் ஓட்டத்தில் மாற்றுவது கடினமாகவும் இருக்கும்.

உலர் கிளட்ச் வண்டிகளிலும் நேரக்கூடிய மற்றொரு விந்தை, நியூட்ரலில் நகர்தல். எஞ்சின் ஓடத் தொடங்கியபின் கிளட்ச் மிதியை விடும்போது, லீவர் நியூட்ரலில் இருந்தாலும், முன் தண்டு கலக்கும் இறுகிய எண்ணெய் அருகிலுள்ள பிற சக்கரங்களையும் தன்னோடு இழுக்க, வண்டி மெல்ல ஊர்ந்து நகரக்கூடும். வழுக்கும் பனித்தரையில், பிரேக் பூட்டப்படாத நிலையில், இது அலட்சியம் செய்யத்தக்கதன்று. அதே வேளையில், மிதியை விட்டு நியூட்ரலில் சில நிமிடங்கள் ஓடவிடுவதே பெட்டியின் எண்ணெயை இளக்கும் முதல் படி. இந்தப் படியின் எல்லையை உணர்வதும் தேவை: நிற்கும் வண்டியில் கலங்குவது முன் தண்டைச் சுற்றியுள்ள எண்ணெய் மட்டுமே, டிஃபரென்ஷியலிலும் இறுதிச் சக்கரங்களிலும் உள்ள எண்ணெய் வண்டி நகரும்வரை அசைவதில்லை. ஆகவே, எஞ்சின் எவ்வளவு நேரம் ஓடிச் சூடேறியிருந்தாலும், தாழ்ந்த கியரில், பாரமின்றி, மெதுவாகச் சிறிது தூரம் ஓட்டிய பின்பே வேலையில் பூட்ட வேண்டும் என்பது வெறும் மரபன்று, அமைப்பிலிருந்தே எழும் விதி. மணிக்குச் சுமார் 26 கிலோமீட்டர் வேகம் தரும் ஃபார்மால் எம் மாதிரியின் ஐந்தாம் கியரை உறைகுளிரில் உடனே போட்டால் எஞ்சின் திணறி நிற்பது, எண்ணெய் தன் நிலையை அறிவிக்கும் ஒரே வெளிப்படையான எச்சரிக்கை.

ஒரே எண்ணெய், மூன்று வேலை

ஹாரி ஃபெர்குசனின் ஹைட்ராலிக் தூக்கு அமைப்போடு 1939-இல் வந்த ஃபோர்டு 9என் டிராக்டரும், 1947 முதல் 1952 வரை ஐந்து லட்சத்துக்கும் மேல் தயாரான அதன் வழித்தோன்றல் 8என் மாதிரியும் குளிர்காலப் பண்ணைகளில் இன்றும் மிகுதியாகக் காணப்படுபவை. இவற்றில் கியர் பெட்டி, ஹைட்ராலிக் பம்ப், பின் அச்சு மூன்றும் சுமார் 19 லிட்டர் கொண்ட ஒரே எண்ணெய்த் தேக்கத்தைப் பகிர்ந்துகொள்கின்றன. கோடைக்கு 90, குளிருக்கு 80 என்று இருவேறு எண்ணெய்கள் விதிக்கப்பட்டதற்குப் பற்சக்கரங்களின் நலம் மட்டும் காரணமன்று. கெட்டி எண்ணெயைப் பம்ப் உறிஞ்ச முடியாவிட்டால் பின்னால் பூட்டிய கருவி மேலே எழாது. பம்ப்பை இயக்குவது, வெளிக்கருவிகளுக்கு விசை தரும் பி.டி.ஓ. தண்டு. எனவே கிளப்புவதற்கு முன் பி.டி.ஓ. லீவரைத் துண்டித்துவைத்தால், கிளட்ச் மிதியை விடும் கணத்தில் பம்ப் இறுகிய எண்ணெயோடு மல்லுக்கட்டுவது தவிர்க்கப்படும். எண்ணெய் சற்று இளகிய பின் அதை இணைக்கலாம்.

இதே குடும்பத்தைச் சேர்ந்த ஃபெர்குசன் டி.இ.20 டிராக்டர்கள் குளிருக்கு ஈடுகொடுத்ததற்கு வரலாற்றுச் சான்று உண்டு. காமன்வெல்த் அண்டார்க்டிகா கடப்புப் பயணத்தின் நியூசிலாந்துக் குழு, எட்மண்ட் ஹிலாரியின் தலைமையில், சக்கரங்களைச் சுற்றிச் சங்கிலிப் பட்டைகள் பூட்டிய இந்த டிராக்டர்களில் பயணித்து, 1958 ஜனவரி 4 அன்று தென் துருவத்தை அடைந்தது. கையால் கியர் மாற்றும் பழைய அமைப்பு கடுங்குளிருக்கு இயல்பாகவே ஒவ்வாதது என்ற எண்ணத்துக்கு இப்பயணம் மறுப்பாக நிற்கிறது. இந்தக் கால்வழியின் ஒரு கிளை சென்னைக்கும் வந்தது: 1960-இல் நிறுவப்பட்ட டாஃபே, மாஸி ஃபெர்குசன் கூட்டுறவில் தயாரித்த டிராக்டர்கள் அதே வடிவமைப்பு மரபைச் சேர்ந்தவை. குளிர்காலத்துக்கென எண்ணெய் மாற்றும் தேவை தமிழகச் சமவெளியில் எழாததால், அம்மரபின் இந்தப் பக்கம் இங்கே பெரிதும் அறியப்படாமல் போனது.

பொதுத் தேக்கத்தின் பெரும் பகை நீர். கியர் லீவரின் அடியிலுள்ள ரப்பர் உறை கிழிந்திருந்தால் மழைநீர் நேரே உள்ளிறங்குகிறது. உறை நன்றாக இருந்தாலும், பகலில் சூடேறி இரவில் குளிரும் பெட்டிக்குள் இழுக்கப்படும் காற்றின் ஈரம் சுவர்களில் துளிர்த்துச் சேர்கிறது. எண்ணெய் வெண்ணிறமாக, மோர் நிறத்தில் மாறுவது இதன் அடையாளம். எண்ணெயைவிடக் கனமான நீர் அடியில் தங்கி, முதல் உறைபனியில் பனிக்கட்டியாகி, பம்ப்பின் உறிஞ்சுவாயை அடைக்கிறது அல்லது தாழ்ந்த சக்கரத்தின் பற்களைக் கவ்விக்கொள்கிறது. அந்த நிலையில் எஞ்சினின் விசையைச் செலுத்தினால் பம்ப்பின் பாகங்களோ பற்களோ முறியலாம். உறை வெடித்தால், சட்டகமற்ற வண்டியில் முதுகெலும்பே வெடித்ததாகும். குளிர்காலத்தில் குறுகிய வேலைகளுக்கு மட்டும் வெளியே வரும் வண்டியின் எண்ணெய் நீரை ஆவியாக்கும் அளவுக்கு என்றும் சூடேறாததால் ஈரம் சேர்ந்துகொண்டே போகிறது. இலையுதிர் காலத்திலேயே, நீர் இன்னும் திரவமாக இருக்கும்போது, அடித்திருகுகளைத் தளர்த்தி நீரை வடித்துவிடுவது இதற்கு உரிய தீர்வு. ஃபோர்டு என் வரிசையில் அத்தகைய திருகுகள் மூன்று உள்ளன. ஒன்றை மட்டும் திறப்பவர் மற்ற இரு பள்ளங்களில் தங்கிய நீரை விட்டுவிடுகிறார்.

இரண்டாம் தலைமுறை: கைநழுவும் கட்டுப்பாடு

1950-களிலிருந்து, கிளட்சை மிதிக்காமலே ஓட்டத்தில் வேகத்தைக் குறைத்து இழுவையைக் கூட்டும் துணை அமைப்புகள் வந்தன. இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் 1954-இல் சூப்பர் எம்.டி.ஏ. மாதிரியில் அறிமுகப்படுத்திய டார்க் ஆம்ப்ளிஃபையர், ஒரு நெம்பை இழுத்த மாத்திரத்தில் வேகத்தை ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைத்தது. மாஸி ஃபெர்குசனின் மல்டி-பவர் 1962-இல் வந்தது. பனி ஒதுக்கும் வேலைக்கு இவை பெரும் நன்மை செய்தன. அதற்கு முந்தைய டிராக்டர்கள் பலவற்றில் கிளட்சை மிதித்தால் பி.டி.ஓ.வும் நின்றுவிடும், ஆழமான பனியில் வண்டியை நிறுத்திப் பனி ஊதியை மட்டும் ஓடவிட வழியில்லை. அவற்றின் முதல் கியரும் நடைவேகத்தை ஒட்டியது என்பதால் பனி ஊதிக்கு அது மிகை. பிராண்ட்ஃபோர்டின் காக்ஷட் நிறுவனம் 1946-இல் தன் 30 மாதிரியில் கிளட்சுக்குக் கட்டுப்படாமல் ஓடும் பி.டி.ஓ.வைக் கொண்டுவந்ததும், பின்னர் வந்த இந்தத் துணைக் கியர்களும் சேர்ந்து அக்குறையைத் தீர்த்தன.

ஆனால் இவ்வமைப்புகளின் தாழ்நிலை ஒரு திசையில் மட்டும் பிடிக்கும் ஒருவழி கிளட்சின் மூலம் இயங்குகிறது. எஞ்சின் சக்கரத்தை ஓட்டும்போது அது பிடித்துக்கொள்ளும். சரிவில் சக்கரம் எஞ்சினைவிட வேகமாகச் சுழல முற்படும்போது விட்டுவிடும். அதாவது, தாழ்நிலையில் வைத்துச் சரிவில் இறங்கும் வண்டிக்கு எஞ்சினின் தடுப்பாற்றல் கிடைப்பதில்லை. அது சுமையின் தள்ளலில் தடையற்று ஓடும். வறண்ட தரையில் பிரேக்கால் சமாளிக்கக்கூடிய இந்தக் குணம், பனிக்கட்டி மூடிய சரிவில் பாரவண்டியோடு இறங்கும்போது உயிராபத்தாகிறது. ஏனெனில் அங்கே பிரேக்கை அழுத்தினால் சக்கரம் நின்றும் வண்டி வழுக்கும். தாழ்நிலைதான் மெதுவானது, ஆகவே பாதுகாப்பானது என்று ஓட்டுநரின் அனுபவம் சொல்வதற்கு நேர்மாறாக, இறக்கத்தில் உயர்நிலையில் வைத்து, முதன்மைக் கியரைத் தாழ்த்தி இறங்குவதே சரி. மல்டி-பவரின் உயர்நிலை ஹைட்ராலிக் அழுத்தத்தால் பிடிப்பது என்பதால் எஞ்சின் நின்றதும் அந்தப் பிடியும் போய்விடும். கியரில் விட்டு நிறுத்தினால் வண்டி நிற்கும் என்ற பழைய நம்பிக்கை இங்கே செல்லாது. இத்தலைமுறையில் குளிரின் கேடு இயந்திரத்தின் தேய்மானத்தைவிட மனிதரின் தவறான கணிப்பிலேயே பெரிதாக வெளிப்படுகிறது.

மூன்றாம் தலைமுறை: எண்ணெய்ப் பஞ்சம்

எல்லா வேகங்களையும் ஹைட்ராலிக் அழுத்தத்தால் மாற்றும் முழுமையான அமைப்புகள் அடுத்த படி. ஃபோர்டு 1959-இல் கொண்டுவந்த செலக்ட்-ஓ-ஸ்பீடு முன்னோக்கிப் பத்து வேகங்களும் பின்னோக்கி இரண்டும் தந்தது. ஜான் டியரின் 4020 மாதிரியோடு 1963-இல் வந்த பவர் ஷிஃப்ட், எட்டு முன் வேகங்களும் நான்கு பின் வேகங்களும் கொண்டிருந்தது. இவற்றுள் எண்ணெய் வெறும் வழுக்கியன்று. உள் கிளட்சுகளை அழுத்திப் பிடிக்கும் கையும் அதுவே. பம்ப் அதை வடிகட்டி வழியே உறிஞ்ச வேண்டும். எண்ணெய் இறுகியிருந்தால் பம்ப்பின் உறிஞ்சுபக்கத்தில் வெற்றிடக் குமிழ்கள் தோன்றி உடைந்து உலோகத்தை அரிக்கின்றன. அழுத்தம் குறைவதால் கிளட்சுத் தட்டுகள் முழுதும் பிடிக்காமல் வழுக்கித் தேய்கின்றன. கியர் போட்டதும் வண்டி தயங்குவதும் பின்னர்த் திடீரெனப் பிடித்து உலுக்குவதும், பம்ப் சீறுவதும் இதன் அறிகுறிகள். முதல் தலைமுறை வண்டியில் ஓட்டுநரின் அவசரத்தை எண்ணெயின் கனம் தடுத்தது. இங்கே அவ்வாறான தடை இல்லாததால், குறைந்த சுழல்வேகத்தில் காத்திருக்கும் பொறுமையே ஒரே பாதுகாப்பு.

இழுத்துக் கிளப்பும் பழக்கமும் இத்தலைமுறைக்குப் பொருந்தாது. எஞ்சின் ஓடும்போதுதான் பம்ப் ஓடும் என்பதால், வண்டியை எவ்வளவு தூரம் இழுத்தாலும் உள் கிளட்சுகளுக்கு அழுத்தம் வராது, எஞ்சின் சுழலாது. மாறாக, வழுக்கெண்ணெய் கிட்டாமல் சக்கரங்களும் தட்டுகளும் உலர்ந்து சுழன்று கெடும். நழுவு கியர் வண்டியில் இழுத்துக் கிளப்புவது இயலும் என்றாலும், உறைந்த எண்ணெயில் உயர் கியரில் கிளட்சைத் திடீரென விடும்போது முழு அதிர்ச்சியும் பற்களின் மீதே விழுகிறது.

கியர், ஹைட்ராலிக், எண்ணெயில் இயங்கும் பிரேக் ஆகிய மூன்றுக்கும் பொதுவான பல்பயன் டிராக்டர் எண்ணெய் இந்த அமைப்புகளின் தேவையிலிருந்து பிறந்தது. ஜான் டியரின் தொடக்கக்கால 303 எண்ணெயில் திமிங்கில எண்ணெய் சேர்க்கப்பட்டிருந்தது. திமிங்கிலப் பொருள்களுக்கு 1970-களின் தொடக்கத்தில் வந்த தடைக்குப் பின் அக்கலவை கைவிடப்பட்டு, வேறு கலவைகள் இடம்பிடித்தன. ஆயினும் 303 என்ற எண் எந்தத் தரக்கட்டுப்பாடும் அற்ற வணிகப் பெயராகச் சந்தையில் தொடர்ந்தது. அப்பெயரில் விற்ற தரங்குன்றிய எண்ணெய்களை மிசூரி மாநிலம் 2017-இல் தடைசெய்தது. குளிர்காலத்துக்கென மலிவான எண்ணெயைத் தேடும் பழைய டிராக்டர் உரிமையாளரே இத்தகைய பொருள்களின் இயல்பான வாடிக்கையாளர் என்பதால் இச்செய்தி பொருட்படுத்தத்தக்கது.

கிளட்ச், பிரேக், சக்கரம்

நின்ற வண்டியையும் குளிர் விட்டுவைப்பதில்லை. பல வாரங்கள் அசையாத உலர் கிளட்சின் தட்டு, ஈரத்தாலும் துருவாலும் ஃபிளைவீலோடு ஒட்டிக்கொள்கிறது. மிதியை அழுத்திய நிலையில் ஒரு கட்டையை முட்டுக்கொடுத்து வைப்பது இதற்கு முன்தடுப்பாகும். பிரேக் பட்டைகள் நனைந்து, டிரம்மோடு உறைந்து ஒட்டுவதும், டயர்கள் சேற்றில் உறைந்து பதிவதும் வழக்கமானவை. அப்போது கிளட்சைப் படக்கென விட்டு விடுவிக்க முயல்வது, இறுகிய எண்ணெயில் உலர்ந்திருக்கும் பற்சக்கரங்களின் மீது அந்நாளின் மிகப் பெரிய சுமையை முதல் கணத்திலேயே ஏற்றுவதாகும். மாலையில் பலகைகளின் மீது நிறுத்துவது அதைத் தவிர்க்கிறது.

1932-இல் அல்லிஸ்-சால்மர்ஸ், ஃபயர்ஸ்டோன் நிறுவனங்களின் முயற்சியால் காற்றடைத்த டயர்கள் டிராக்டருக்கு வந்த பிறகு, பிடிப்புக்காக அவற்றில் நீர் நிரப்பும் வழக்கம் பரவியது. நீர் உறையாதிருக்கக் கால்சியம் குளோரைடு கலக்கப்பட்டது. சுமார் 30 விழுக்காட்டுக் கரைசல் மைனஸ் 50 டிகிரி வரை உறைவதில்லை. ஆனால் கசிந்தால் அது இரும்பு வளையத்தை அரித்துத் தின்றுவிடும். எடையும் சங்கிலியும் தரும் பிடிப்புக்கு விசைகடத்தும் அமைப்பின் பக்கத்திலிருந்து ஒரு விலை உண்டு: சக்கரம் வழுக்கும்போது வெளியேறிவிடும் அதிர்ச்சி, சக்கரம் கவ்விப் பிடிக்கும்போது கியர்களுக்கே திரும்புகிறது.

எந்த எண்ணெய் என்ற வாதம்

பழைய டிராக்டருக்குக் குளிர்காலத்தில் எதை ஊற்றுவது என்பதில் மூன்று கருத்துகள் நிலவுகின்றன. முதலாவது, பழைய கெட்டி எண்ணெயையே வைத்து, மண்ணெண்ணெய் கலந்து இளக்குவது. குளிர், வெப்பம் இரண்டுக்கும் ஏற்ற பலபடி எண்ணெய்கள் இல்லாத காலத்தில் இதற்கு நியாயம் இருந்தது. சூடேறியபின் கலவையின் பாதுகாப்புப் படலம் மெலிந்துவிடுவதால் இன்று அதற்கு இடமில்லை. இரண்டாவது, எல்லாப் பழைய வண்டிகளுக்கும் 80 டபிள்யூ கியர் எண்ணெயின் கெட்டிக்கு நெருக்கமான பல்பயன் எண்ணெயை ஊற்றிவிடுவது. பொதுத் தேக்கம் கொண்ட ஃபோர்டு போன்ற வண்டிகளில் இது தூக்கு அமைப்புக்கு உடனே உயிர் தருகிறது. ஆனால் கெட்டி எண்ணெய்க்கென வடிவமைத்துத் தேய்ந்துபோன சீல்களின் வழியே மெல்லிய எண்ணெய் கசிந்து, பின் சக்கர டிரம்களுக்குள் புகுந்து, பிரேக்கின் பிடியைப் போக்கக்கூடும். மூன்றாவது, கையேட்டின் பருவ விதியைப் பின்பற்றி, 80 டபிள்யூ-90 போன்ற எண்ணெயையோ, கடுங்குளிரில் 75 டபிள்யூ வகைச் செயற்கை எண்ணெயையோ தேர்வது.

தேர்வில் கெட்டியோடு சேர்த்து நோக்க வேண்டிய மற்றொன்று, எண்ணெயில் கலந்த வேதிப்பொருள்கள். பற்களின் மீது கடும் அழுத்தத்தைத் தாங்கக் கந்தகமும் பாஸ்பரசும் செறிந்த ஜி.எல்.-5 வகை எண்ணெய்கள் செம்புக் கலவை உலோகங்களைத் தாக்கக்கூடும். வெண்கலப் புழுச்சக்கரம் கொண்ட ஃபோர்ட்சன் போன்ற வண்டிகளுக்கு, வேதிச்சேர்க்கை இல்லாத ஜி.எல்.-1 எண்ணெயோ, மிதமான ஜி.எல்.-4 எண்ணெயோ பொருந்தும்.

முடிவு

மேற்கண்டவற்றை ஒருசேர நோக்கினால், எல்லாப் பழைய டிராக்டருக்கும் பொருந்தும் ஒரே குளிர்கால விதி இல்லை என்பது தெளிவாகிறது. நழுவு கியர் வண்டிக்கு முதன்மையானது எண்ணெயின் மென்மையும் நீர் வடிப்பும். துணைக் கியர் வண்டிக்கு முதன்மையானது ஓட்டுநரின் அறிவு. ஹைட்ராலிக் வண்டிக்கு முதன்மையானது எண்ணெயின் தரமும் காத்திருப்பும். இம்மூன்றுக்கும் அடியில் பொதுவான உண்மை ஒன்று உண்டு: எஞ்சினின் வெப்பமானி வண்டியின் பாதியை மட்டுமே அளக்கிறது. மற்றப் பாதியின் நிலையை, முதல் சில நிமிட ஓட்டத்தின் கனத்திலிருந்தும் தயக்கத்திலிருந்தும் ஓட்டுநரே உய்த்துணர வேண்டியுள்ளது. செலவுக்கு முன்னுரிமை வகுக்க வேண்டிய பண்ணையாளர், புதிய பேட்டரிக்கும் எஞ்சின் சூடேற்றிக்கும் முன்பாகவே, இலையுதிர் காலத்தில் நீரை வடித்து, தம் வட்டாரத்தின் மிகக் கடுமையான இரவுக்கு ஏற்ற எண்ணெயை நிரப்புவதற்குப் பணம் ஒதுக்குவதே அறிவார்ந்தது. கிளம்பாத எஞ்சின் ஒரு நாள் வேலையைத்தான் கெடுக்கும்; உலர்ந்து ஓடிய கியர் பெட்டியோ, உதிரி பாகங்கள் அரிதாகிவரும் காலத்தில், வண்டியின் ஆயுளையே முடித்துவிடும்.